பதினோராம் பக்கத்துச் சீட்டு

தாளை முதலில் முகர்ந்து பார்ப்பார். அப்புறம் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார், நகத்தால் ஓரத்தைச் சுரண்டுவார், கடைசியில்தான் சட்டைப் பையிலிருந்து அந்தக் குட்டி லென்ஸை எடுத்துத் தாள்மேல் வைத்துக் குனிவார். எங்கள் அச்சகத்தில் மாதிரித் தாளின் ஓரத்தில் அவர் சிவப்புக் கோடு போட்ட பிறகுதான் மெஷின் ஓடும். இருபத்தாறு வருஷத்தில் முதல் தாளுக்கே அவர் கோடு போட்டு யாரும் பார்த்ததில்லை. எல்லோருக்கும் அவர் லென்ஸ் அண்ணன். அடுத்த மேஜையில் பக்கம் அமைப்பது என் வேலை.

சந்தேகம் தொழிலோடு நின்றுவிடவில்லை. "லேசான காய்ச்சல்தான்" என்ற டாக்டரிடம், "லேசுன்னா எவ்வளவு லேசு?" என்று கேட்டவர். நான் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால்கூட ஒரு நொடி முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார்.

இப்படிப்பட்டவரின் ஒரே மகளுக்கு, மூன்றாம் வருஷத்தை மட்டும் அமெரிக்காவில் படிக்கும் வாய்ப்பு வந்தது. கல்லூரி இரண்டு பல்கலைக்கழகங்களைச் சொன்னது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அப்பாவின் கையெழுத்தோடு வெள்ளிக்கிழமை மாலைக்குள் படிவத்தைக் கொடுக்கவேண்டும். தவறினால் அந்த இடம் பட்டியலில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். திங்கட்கிழமை காலை இரண்டு பல்கலைக்கழகங்களின் அறிமுகப் புத்தகங்களும் அண்ணனின் மேஜைக்கு வந்துவிட்டன.

ஒன்று ஏரிக்கரையில் இருப்பது, இன்னொன்று பெரிய நகரத்தின் நடுவில். மகள் படிப்பது நீரியல், அவளுக்கு ஏரிக்கரைமேல்தான் கண். அண்ணனுக்கு இரண்டின்மேலும் கண்.

"ஏம்மா, இங்க வா. இந்தப் பொண்ணைப் பாரு."

மரத்தடியில் சிவப்புக் கம்பளித் துண்டோடு ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். ஏரிக்கரைப் புத்தகத்தில் ஆறாம் பக்கம். நகரத்துப் புத்தகத்தில் ஒன்பதாம் பக்கம். அதே மரம், அதே சிரிப்பு.

"இவ எங்கதான் படிக்கிறா?"

"விலைக்கு வாங்கின படமா இருக்கும்ணே. நாமளும் போடறதுதானே."

"அதைத்தான் சொல்றேன். நாம என்ன யோக்கியமா?"

வானத்தின் நீலத்தை ஏற்றியிருக்கிறார்கள், புல்லில் இல்லாத பச்சையைப் பூசியிருக்கிறார்கள் என்று செவ்வாய்க்கிழமை முழுக்கக் குறை சொன்னார். "நூறு பக்கம் அடிச்சிருக்கான். ஒரு இடத்துலயாவது, இது எங்ககிட்ட சரியில்லைன்னு சொல்றானா பாரு. எதையோ மறைக்கிறான்மா."

அவர் நம்பும் அச்சுப் பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், திருத்தச் சீட்டு. புத்தகம் அச்சாகி முடிந்தபின் பிழை தெரிந்தால், சரியானதைத் துண்டுத் தாளில் அடித்து அந்தப் பக்கத்தில் ஒட்டி அனுப்புவோம். வேலை கொடுத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். அண்ணன் மட்டும் அதைத் தடவிக்கொடுப்பார். "தப்புப் பண்ணிட்டேன்னு தானா வந்து சொல்றான் பாரு. இவனை நம்பலாம்." வீட்டிலும் இதே பாட்டுத்தான், மகளுக்கு மனப்பாடம்.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவோடு அவள் வந்தபோது அண்ணன் மெஷின் அறையில் இருந்தார். "அக்கா, ஒரே ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துக்கட்டுமா?" என்றாள். எடுத்துக்கொள் என்றேன். என்ன பக்கம் என்று நான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அண்ணனின் முகம் மலர்ந்திருந்தது, எனக்கே பயமாக இருந்தது. ஏரிக்கரைப் புத்தகத்தின் வேறொரு பிரதி அவர் கையில் இருந்தது. கல்லூரியில் கொடுத்தார்கள் என்று முந்தின நாள் மகள் தந்தாளாம். பதினோராம் பக்கத்தில், விடுதி அறைப் படத்தின் கீழே, ஆங்கிலத்தில் ஒரு சீட்டு. அறைக்கு இருவர் என்பதை மூவர் என்று படிக்கவும், தவறுக்கு வருந்துகிறோம்.

"ஒத்துக்கிட்டான் பாத்தியா."

பழக்கதோஷம், லென்ஸை எடுத்து அதன்மேல் வைத்தார். அப்படியே குனிந்திருந்தார். பிறகு முகர்ந்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். லென்ஸை என் பக்கம் தள்ளினார்.

எழுத்துகளின் குறுக்கே மயிரிழையாக ஒரு கறுப்புக் கோடு ஓடியது. எங்கள் அலுவலகப் பிரிண்டரின் கோடு அது. உருளையில் கீறல் விழுந்து ஆறு மாதமாக எல்லாத் தாளிலும் அதே இடத்தில் விழுகிறது. புதன்கிழமை அவள் எடுத்த பக்கம் இதுதான். அந்தப் பெண்ணின் ஒரு வருஷப் படிப்பை நானே கெடுத்துவிட்டேனோ என்று தோன்றியது. அண்ணன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

மூன்று மணிக்கு மகள் படிவத்தோடு வந்தாள். மேஜைமேல் பதினோராம் பக்கம் திறந்து கிடந்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் என் கணினியைப் பார்த்தேன்.

"ரூமுக்கு மூணு பேராமே?"

"ஆமாப்பா."

"யாரு சொன்னா?"

"அங்க படிக்கிற பொண்ணு ஒருத்திக்கு எழுதிக் கேட்டேன்பா. அவ ஒருத்தி பேச்சை எப்படி நம்பறதுன்னு, இன்னும் ரெண்டு பேரைக் கேட்டேன். மூணு பேரும் அதையேதான் சொன்னாங்க. புக்குலதான் தப்பு."

"மூணு பேரைக் கேட்டியா?"

"கேட்டேன்."

அண்ணன் சீட்டைப் பார்த்தார். அவர் சுரண்டிய மூலை லேசாக எழும்பி நின்றது. பசைக் கிண்ணத்தில் சுண்டுவிரலைத் தொட்டு அதன் அடியில் தடவி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். நன்றாக ஒட்டிக்கொண்டதும் சிவப்புப் பேனாவை எடுத்துச் சீட்டின் ஓரத்தில் ஒரு கோடு போட்டார். பிறகு படிவத்துக்காகக் கையை நீட்டினார்.