பரணில் இளைத்த கம்பளி

1. மேசைத் தராசு

யூனிட் மேடம் என் நூல் பையைத் தராசில் வைத்தார், எடுத்தார், தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். நூற்கும்போது உதிர்ந்த கழிவையும் தனிப் பையில் கொண்டுபோயிருந்தேன். அதையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். அப்படியும் கொடுத்த எடை வரவில்லை.

“செல்வி, போன தடவையும் கொறஞ்சுச்சு, நான் ஒண்ணும் சொல்லல. ஆரோக்கியத்துக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு,” என்றார்.

ஆரோக்கியம் மாரியூரில் எங்களுக்கு அடுத்த தெரு. எனக்கு முன்னால் இந்த யூனிட்டில் கம்பளி வாங்கி நூற்றவள். எடை குறைகிறது என்று அவளை நிறுத்திவிட்டார்கள். நான் எடுக்கவில்லை என்று கோவில் வாசலில் நின்று அழுதாள். அன்றிலிருந்து ஊரில் அவளுக்குக் கம்பளிக்காரி என்று பெயர். அவள் பங்குதான் எனக்கு வந்தது. எடுக்காமலா நிறுத்தியிருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். என் புத்தி எப்போதும் அப்படித்தான், எதையும் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நம்பும்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்காக இதைச் சொல்கிறேன். ராமநாதபுரத்தில் இருக்கும் சின்ன யூனிட் அது. மலையிலிருந்து கம்பளி மூட்டை வரும். நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் ராட்டையில் நூற்று, சாயம் ஏற்றி, பஞ்சுபோல் அடித்த கம்பளியைத் துணிகளுக்கு நடுவே பரப்பி ரஜாய்ப் போர்வை தைத்துக் கொடுப்போம். மலைமேல் இருக்கும் ஓட்டல் அறைகளுக்கு அது போகும். போர்வை இல்லாமலேயே வியர்த்து ஊற்றும் ஊரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் ரஜாய் தைத்தோம். ஆனால் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அதனால்தான்.

இன்னும் ஒரு தடவை குறைந்தால் கம்பளி கிடையாது என்று மேடம் சொல்லிவிட்டார். வேலை போவதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆரோக்கியத்தின் பெயர் என் தலையில் ஏறிவிடுமே என்றுதான் பயம். பஸ்ஸில் வரும்போதே, வீட்டில் யார் எடுத்திருப்பார்கள் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

2. ஒரே முற்றம்

எங்கள் வீட்டில் முற்றம் ஒன்றுதான், தொழில் இரண்டு. என் மாமியார் கருவாடு போடுகிறவர். பாதி முற்றத்தில் அவர் வலையை விரித்து நெத்திலி காயும். மீதிப் பாதி கொடியில் என் நூல் காயும். காக்கைக்குப் பயந்து இரண்டுக்கும் ஒரே ஆள் காவல். முதல் தடவை நூலைக் கொண்டுபோனபோது மேடம் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு கடல் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் கொடி கட்டினேன்.

காலையில் குடத்தோடு குழாயடி, பிள்ளைகளுக்குச் சோறு, கரைக்கு வந்த வீட்டுக்காரருக்குச் சோறு. அது முடிந்தால் ஜன்னலோரம் ராட்டை. நூல் அறுந்துபோகாமல் ஒரே இழுப்பில் வந்துகொண்டிருக்கும்போதுதான் யாராவது வாசலில் நின்று கூப்பிடுவார்கள். சாயம் போடும் நாள் இன்னும் மோசம். சாயவேரைப் பொடித்து, படிகாரத் தண்ணீரில் ஊறிய நூலை அதில் இறக்கி, சின்னத் தீயில் வைக்க வேண்டும். கொதித்தால் கம்பளி சுருங்கி அடைபோல் ஆகிவிடும். அதனால் பானையை விட்டு நகர முடியாது. அன்று வீட்டில் பழைய சோறுதான். அந்தப் பானையில் வேறு எதையும் சமைக்கக் கூடாது. மாமியார் அதில் குழம்பு வைத்துவிடுவாரோ என்று நான் அதைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைப்பேன். நான் அதில் என்னத்தைக் காய்ச்சுகிறேனோ என்று அவர் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பார்.

ஆக, எடை குறையும் முன்பே எங்களுக்குள் சந்தேகம் குடியிருந்தது. எடை வந்து அதற்குச் சோறு போட்டது.

3. பரண்

முதலில் வீட்டுக்காரரைத்தான் நினைத்தேன். படகில் இன்ஜின் துடைக்க எதையாவது எடுத்துப் போகிறவர். ஒரு வாரம் அவர் கைலி மடிப்பைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அப்புறம் மாமியார். அவர் தலையணை உறையில் சிவப்பு நூல் உருண்டை ஒன்று கிடைத்தது. நான் சாயம் போட்ட சிவப்பு. கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். தரையில் உதிர்ந்து கிடந்ததைக் காதில் வைத்துக்கொள்ள எடுத்தேன், வாடைக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார். காதுக்கு இவ்வளவா என்று கேட்டேன். எனக்கு ரெண்டு காது இருக்கு என்றார்.

அன்றே கம்பளி மூட்டையைப் பரணில் ஏற்றினேன். எங்கள் வீட்டுக் கூரை தகரம். பரண் அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஏணி வைக்காமல் யாரும் ஏற முடியாது. ஏணியை என் கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டேன். கருவாட்டுக்கு மாமியார் வைத்திருக்கும் கரண்ட் தராசை எடுத்து, மத்தியான வேலை முடிந்ததும் தினமும் நிறுத்தேன். இறக்கும்போதெல்லாம் முன்னைவிடக் குறைந்திருந்தது. கீழே வைத்திருந்தபோது குறைந்ததைவிடப் பரணில் ஏற்றிய பிறகு குறைந்ததுதான் அதிகம். பூட்டப் பூட்டக் குறைகிறது என்றால் எனக்குப் பைத்தியம் பிடிக்காதா? தூக்கம் போயிற்று.

ஒருநாள் பொறுக்காமல் மூட்டையை இறக்கி, திறந்த வாசலில் என் தலைமாட்டிலேயே வைத்துப் படுத்தேன். விடிந்ததும் நிறுத்தால் எடை கூடியிருந்தது. குறைந்ததெல்லாம் திரும்பி வந்திருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எடுத்தவர் பயந்துபோய்த் திருப்பி வைத்திருக்கிறார், வேறென்ன? மாமியாரிடம் அதைச் சொல்லியும்விட்டேன்.

அவர் நெத்திலியைக் கிளறிக்கொண்டிருந்தார். கையை முந்தானையில் துடைத்தார். “நீதான் கீழக்கரைக்கு ஒங்க அம்மா வீட்டுக்குக் குடுத்து விடுறேன்னு நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். பேரன்க மூஞ்சிக்காக வாயத் தொறக்காம இருந்தேன்,” என்றார்.

இவ்வளவு நாளாக அவரும் என்னைக் கண்காணித்திருக்கிறார். நான் அம்மா வீட்டுக்குப் போன அன்றெல்லாம் என் பையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அவர் பையைத் தொட்டதற்காக அல்ல, நான் செய்ததையே அவரும் செய்திருக்கிறாரே என்று.

4. காவல்

யோசனை மாமியாருடையதுதான். மூட்டையைப் பழையபடி பரணில் வை, ரெண்டு பேரும் கீழே உட்காருவோம், யார் எழுந்தாலும் இன்னொருத்தர் கூடப் போக வேண்டும் என்றார். காலையில் இரண்டு பேர் கண்ணும் பார்க்க நிறுத்து ஏற்றினோம்.

உட்கார்ந்தோம். நான் அவரைப் பார்க்க, அவர் என்னைப் பார்க்க. சோறு பொங்கவில்லை. வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். நெத்திலியைக் காக்கை கொத்தியது. இரண்டு பேரும் எழுந்து ஓடினோம், இரண்டு பேரும் திரும்பி வந்தோம். உச்சி வெயிலில் தகரம் படபடவென்று சத்தம் போட்டது. கீழே இருந்த எங்களுக்கே தலை காய்ந்தது.

இறக்கி நிறுத்தோம். குறைந்திருந்தது.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூட்டைக்குள் கையை விட்டுக் கம்பளியைப் பிசைந்தார். கருவாட்டைப் பிசைந்து பார்க்கிற மாதிரியே இருந்தது.

“ஏ புள்ள, கருவாட்டு யாவாரி என்னைக்காவது காலைல வந்து எடை போட்டிருக்கானா?” என்று கேட்டார்.

இல்லை. ஒருநாளும் இல்லை. உச்சி சாய்ந்த பிறகுதான் வருவான். அதற்குள் சரக்கு இன்னும் கொஞ்சம் காய்ந்து இளைத்திருக்கும். அதற்காகவே அவனைத் தினமும் திட்டுகிறவர் என் மாமியார்.

“இதுவும் காயுது,” என்றார்.

மறுநாளும் செய்து பார்த்தோம். விடிகாலை வாசலில் கடல் காற்றுக்கு வைத்தால் ஏறுகிறது. பரணில் வைத்தால் இறங்குகிறது. கையால் தொட்டால் ஈரமே தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்தான். கொஞ்ச நேரம் கழித்து, தலையணையில் இருந்த உருண்டையையும் கொண்டுவந்து தராசில் போட்டார். தராசு அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

5. மேடம் வந்தார்

போனில் சொன்னபோது மேடம் கேட்ட முதல் கேள்வி, தண்ணீர் தெளித்தாயா என்பதுதான். இரண்டாவது கேள்வி, அது கருவாட்டுத் தராசா என்பது. நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

அவரே வந்தார். துணிப்பையில் தன் தராசையும் கொண்டுவந்தார். டார்ச் அடித்துப் பரணில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். மாமியார் டீ போட எழுந்தபோது வேண்டாம் என்றார். டீயைக் கொடுத்து அந்தப் பக்கம் திரும்ப வைத்துவிடுவோம் என்று நினைத்திருப்பார். மூன்று பேரும் ஒரு மூட்டைக் கம்பளியைச் சுற்றி உட்கார்ந்தோம். இரண்டு தராசிலும் நிறுத்தோம். காலையில் இருந்த எடை மத்தியானம் இல்லை, இரண்டிலும் இல்லை.

மேடம் தன் தராசைத் துணிப்பைக்குள் திருப்பி வைத்தார். பிறகு அவராகவே ஒவ்வொன்றாகச் சேர்த்தார். மலையிலிருந்து வரும் மூட்டை பிளாஸ்டிக் உறைக்குள் குளிர்ச்சியாகவே இருக்கும். காலையில் குடோனைத் திறந்ததும் பிரித்து நிறுத்துக் கொடுப்பார்கள். எங்களைப்போல் நூற்கும் நயினார்கோவில் பெண்கள் நூலைத் திருப்பிக் கொண்டுவருவது காலை பஸ்ஸில், அவர்களுக்கு எடை குறைந்ததே இல்லை. எங்கள் பஸ் போய்ச் சேர மத்தியானம் ஆகும். டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல்தான் நான் பையை வைப்பேன். உட்காரும் இடத்தில் வைத்தால் யாராவது பைக்குள் கையை விடுவார்கள் என்று பயம். சுடச்சுடக் கொண்டுபோய்த் தராசில் வைத்திருக்கிறேன்.

“ஆரோக்கியமும் அந்தப் பஸ்லதானே வரும்?” என்று மேடம் கேட்டார்.

ஆமாம் என்றேன். மாமியார் கொண்டுவந்து வைத்த டீயை இப்போது அவர் எடுத்துக் குடித்தார்.

6. அடுத்த தெரு

இன்று யூனிட்டில் எடை போடுவது நான்தான். கம்பளியை உறை பிரித்து ஒருநாள் ஆறப்போட்டுத்தான் கொடுக்கிறோம். வரும் நூலையும் ராத்திரி வைத்திருந்து மறுநாள் காலையில்தான் நிறுக்கிறோம். என் சந்தேகப் புத்தி போகவில்லை. எடை குறைந்தால் இப்போதும் சந்தேகப்படுகிறேன். ஆனால் முதலில் வெயிலை, கூரையை, பஸ்ஸை, தராசை. ஆளை அதற்கெல்லாம் பிறகுதான். இந்த வேலையில் நான் கற்றது இதுதான். கற்ற இடம் எங்கள் வீட்டுப் பரண் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். உண்மையில் அது, மேடம் வந்த அன்று சாயங்காலம், ஆரோக்கியம் வீட்டு வாசல்.

மேடத்தை நான்தான் கூட்டிப்போனேன். ஒரு கம்பளி மூட்டையையும் தூக்கிக்கொண்டு போனோம். ஆரோக்கியம் அப்போதுதான் கடலில் பாசி எடுத்துவிட்டு வந்திருந்தாள். யூனிட்டில் நிறுத்திய பிறகு அதுதான் அவள் பிழைப்பு. பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றியிருந்த துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே, மேடம் சொன்னதை முழுவதும் கேட்டாள். காற்று, வெயில், பஸ் எல்லாவற்றையும் கேட்டாள். இனி அவள் பங்கு அவளுக்கே என்று மேடம் சொன்னார். என் பங்கு போய்விடுமே என்று எனக்கு அப்போதும் ஒரு நொடி தோன்றியது. தோன்றியதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

“தராசு சொல்லவும் நம்பிட்டீக,” என்றாள் ஆரோக்கியம். “நானும் அதத்தான சொன்னேன், எடுக்கலன்னு.”

கோவில் வாசலில் அவள் அழுதபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அவள் ஈரத் துணிகளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். உள்ளே போனவள் நிலைப்படியில் நின்று, நாங்கள் இறக்கி வைத்த மூட்டையைத் திரும்பிப் பார்த்தாள். சாயங்கால வெயில் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

“அத அங்கன வெயில்ல வைக்காதீக,” என்றாள். “எடை கொறஞ்சிரும். பெறகு எம் பேரத்தான் சொல்லுவீக.”

மேடம் குனிந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டார். கதவு சாத்திக்கொண்டது.