முன் டயரின் அம்புக்குறி

அம்பிட்டியவிலிருந்து கண்டிக்கு இறங்கும் பாதையில் ஒரு வளைவு உண்டு. அதைத் தாண்டினால் குளம் தெரியும். பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் வாங்கிய சைக்கிளில் அந்த வளைவு வழியாகத்தான் இன்றுவரை கந்தோருக்குப் போய்வருகிறேன். ஐம்பதைத் தாண்டிய பெண் சைக்கிள் மிதிப்பதை முதலில் பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அந்த பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்கி, யாருடையதோ குடைத் தண்ணீரில் நனைந்து வேலைக்குப் போன எனக்கல்லவா அந்தச் சைக்கிளின் அருமை தெரியும்.

போன ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, தூறலில், அதே வளைவில் விழுந்தேன். வேகமாகப் போகவில்லை. பிரேக்கைக்கூடத் தொடவில்லை. திரும்பினேன், முன் சக்கரம் வழுக்கியது, தார் ரோட்டில் கிடந்தேன். பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரர் சமயத்தில் நிறுத்தியதால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

"நான் அப்பவே சொன்னேன்ல? வயசாயிருச்சு, பேலன்ஸ் போயிருச்சு. இனிமே பஸ்ஸுல போ" என்றார் என் கணவர். வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை விலைக்குப் பார்க்க ஆள் வருவதற்கும் ஏற்பாடு செய்துவிட்டார்.

அவரோடு சண்டை போட்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான். காரணமே இல்லாமல் ஒருத்தி விழுந்தால் காரணம் அவளுடைய உடம்புதானே? குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பார்த்தேன். ஆடினேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை, விற்பதற்காக அவர் சைக்கிளைத் துடைத்து வெளியே நிறுத்தினார். அப்போதுதான் முன் டயரின் பக்கவாட்டில் ஓர் அம்புக்குறியைக் கண்டேன். சக்கரம் எந்தப் பக்கம் உருள வேண்டும் என்று காட்டும் குறி. அது பின்னோக்கி இருந்தது! பூசைக்குக் கொஞ்ச நாள் முன்புதான் அந்த டயரைப் புதிதாகப் போட்டிருந்தோம். அதற்குப் பிறகு சக்கரம் ஒரு மாதிரி இரைந்துகொண்டே வந்ததும் ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பிழை என்னிடம் இல்லை, டயரில்!

டயர் போட்டுத் தந்தவர் மடவளை ஊர் முஸ்லிம், எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுபவர், கடை டவுனில். சைக்கிளை உருட்டிக்கொண்டே இறங்கினேன். கணவரும் கூட வந்தார், நான் தோற்பதைப் பார்க்க.

"நானா, டயர மாத்தி மாட்டிட்டீங்க. நான் செத்திருப்பேன்" என்று வாசலிலேயே ஆரம்பித்தேன்.

கடைக்காரர் குனிந்து பார்த்தார். "மாறித்தான் ஈக்கி மிஸ். என்ட பிழைதான். ஆனா இதால நீங்க உழுந்தீக்க மாட்டீங்க. சேத்துல, மண் ரோட்டுல போனாத்தான் இந்த டயர்ப் பள்ளம் எந்தப் பக்கம் ஈக்கின்னு பாக்கணும், சேறு கழண்டு விழ. தார் ரோட்டுல புடிக்கிறது ரப்பர்தான். இப்பிடி மாத்திப் போட்டா கொஞ்சம் இரையும், கொஞ்சம் இழுக்கும். அவ்வளவுதான்."

அப்படியானால் பிழை மறுபடியும் என் உடம்பில்தானா? கணவர் தொண்டையைச் செருமினார்.

"எதுக்கும் திருப்பிப் போடுங்க" என்றேன் பிடிவாதமாக. கடைக்காரர் டயரைக் கழற்றி வைத்ததும் அதை எடுத்துப் பள்ளங்களைத் தடவினேன். விரல் வழுக்கியது. பள்ளத்துக்குள் தூசியோடு கலந்து கறுப்பாக ஏதோ பசை. முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினேன். பூசையன்று சைக்கிளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தவர் அவர்தான். டயர் இரண்டும் அன்று கறுகறுவென்று மின்னின. நானே பாராட்டியிருந்தேன்.

"டயருக்கு என்ன பூசுனீங்க?"

"பளபளன்னு இருக்கட்டும்னு... கொஞ்சூண்டு தேங்காண்ணெ."

"பக்கத்துல மட்டுமா, ரோட்டுல படுற எடத்துலயுமா?"

"எல்லா எடத்துலயுந்தான். சாமி காரியத்துல கஞ்சத்தனம் பாக்கலாமா?"

கடைக்காரர் சக்கரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை! கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அங்கிருந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை. இத்தனை நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் எண்ணெயோடு போயிற்று.

சவர்க்காரத் தூளும் பிரஷும் வாங்கி, இரண்டு டயரையும் கணவரே தேய்த்துக் கழுவினார். அம்பு முன்னோக்கி ஏறியது. வீட்டுக்குத் திரும்பும் ஏற்றத்தில், குளியலறையில் ஒற்றைக் காலில் நின்றதை அவரிடம் சொன்னேன். அவர் சைக்கிளை என் கையிலிருந்து வாங்கி, மேடு முடியும்வரை தானே தள்ளிக்கொண்டு வந்தார்.

ஞாயிறு காலையும் தூறல்தான். பயம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் சைக்கிளை எடுத்தேன். வளைவில் திரும்பினேன். முன் சக்கரம் ரோட்டைப் பிடித்துக்கொண்டது. பழைய இரைச்சலும் இல்லை. கீழே குளம் தெரிந்தது. அம்மாடி என்று வாய்விட்டே சொன்னேன்.

நான் நனைந்துபோய் வீடு திரும்பும்போது, சைக்கிள் பார்க்க வந்தவர் வாசலில் நின்றார். "ஏங்க, திடீர்னு விக்கலங்கிறீங்க? வண்டியில ஏதும் பழுதா?"

"வண்டியிலயும் பழுது இல்ல, ஓட்டுறவங்ககிட்டயும் பழுது இல்ல" என்றார் என் கணவர், என்னைப் பார்க்காமலே. "பூச பண்ணுனவன்தான் சரியில்ல."