திட்டத்தில் இல்லாத சொல்

குழந்தையோடு பாயில் உட்காருமுன் சசிகலா முதலில் வளையல்களைக் கழற்றுகிறார். இரண்டு கைகளிலும் சேர்த்து எட்டுக் கண்ணாடி வளையல்கள். சன்னல் விளிம்பில் கைக்குட்டையை விரித்து அதன்மேல் வைக்கிறார். பிறகு கொலுசு. பிறகு முகம். ஆமாம், முகத்தையும் கழற்றுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளங்கைகளால் நெற்றியிலிருந்து தாடை வரை ஒருமுறை வழித்துவிட்டால் போதும். அதுவரை வாசலில் நின்று என்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவர் காணாமல் போய், சிரிப்பும் முறைப்பும் இல்லாத வேறொருவர் பாயில் உட்கார்ந்திருப்பார்.

"வளையல் சத்தங்கூட ஒரு ஒத்தாசைதானுங்க" என்றார் ஒருநாள். "நாம எந்தப் படத்துப் பக்கம் கைய அசைக்கறமோ அந்தப் பக்கம் சத்தங் கேக்கும். கொழந்த அதக் கேட்டுட்டுத் தொட்டுரும். அதுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நாமளும் எழுதிப்போடுவம். அது பொய்யில்லீங்களா?"

ஏற்காட்டில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்த கட்டடம் அது. இரண்டு அறை, ஓட்டுக் கூரை, மழை நாட்களில் சுவரெல்லாம் ஈரம். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பதினான்கு பேர் வந்து போகிறார்கள். பேச்சு வராத குழந்தைக்கு வேண்டியதைக் கேட்கப் பழக்குவது, தலையைச் சுவரில் மோதும் குழந்தை எதற்காக மோதுகிறது என்று பொறுமையாகக் கவனித்து அதற்கு வேறு வழி காட்டுவது, இதுதான் அங்கே வேலை. பலகையில் 'நடத்தைப் பயிற்சி மையம்' என்று இருக்கிறது. மஞ்சக்குட்டை பஸ் கண்டக்டருக்கு மட்டும் அது 'பொம்மை ஸ்கூல்'. சசிகலா அவரை ஒவ்வொரு முறையும் திருத்துகிறார், அவரும் ஒவ்வொரு முறையும் மறந்துவிடுகிறார்.

சசிகலாவுக்கு நாற்பத்தொரு வயது. மாரமங்கலத்துக்காரர். பிறந்த வீட்டில் காப்பி, மிளகு, மேட்டில் கொஞ்சம் சாமை. பன்னிரண்டாவது வரை படிப்பு. பதினோரு வருடங்களுக்கு முன் இங்கே ஆயாவாகச் சேர்ந்தார்: கூட்ட, துடைக்க, ஈரத்துணி மாற்ற. சேர்ந்த ஆறாவது மாதம், ஒரு குழந்தை ஒரு நாளில் எத்தனை தடவை அலறுகிறது என்று அப்போதிருந்த பயிற்சியாளர் கேட்டபோது, மற்றவர்கள் "எப்பப் பாத்தாலும்" என்றார்களாம். இவர் மட்டும், "இருவத்தாறு தடவைங்க. அதுல பத்தொம்பது தடவ மிக்ஸி ஓடறப்ப" என்றிருக்கிறார். அன்றே துடைப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு கையில் பென்சிலைக் கொடுத்துவிட்டார்கள்.

பார்த்ததைத்தான் எழுத வேண்டும், நினைத்ததை எழுதக்கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். 'பிடிவாதம் பிடித்தாள்' என்று எழுதக்கூடாது. 'தரையில் படுத்தாள், நான்கு நிமிடம்' என்று எழுத வேண்டும். சசிகலாவுக்கு இது தொழிலோடு நிற்கவில்லை. அவருடைய கணவர் சின்னராஜ் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர், என்னிடம் ஒருநாள் புலம்பித் தீர்த்தார். "ஏன் கோவமா இருக்கறன்னு கேட்டா, கோவத்த எங்க பாத்தீங்க, என்ன பாத்தீங்களோ அதச் சொல்லுங்கங்கறா. தட்ட ரெண்டு தடவ டொக்குன்னு வெச்சன்னு சொல்லோணுமாமா. குடும்பம் நடத்தறதா, சாட்சி சொல்றதா நீங்களே சொல்லுங்க." இதே சின்னராஜ் ஒருநாள் தன் தட்டைத் தானே கழுவியபோது மையத்துக் குழந்தைகளுக்கு வருவதுபோலவே மூன்று விநாடிக்குள் சசிகலாவிடமிருந்து பாராட்டு வந்துவிட்டது. அதிலிருந்து தினமும் கழுவுகிறார். ஏன் கழுவுகிறோம் என்று மனிதருக்கு இன்னும் பிடிபடவில்லை.

போன வருடம் மையத்தை நடத்தும் அறக்கட்டளை ஒரு முடிவெடுத்தது. குழந்தைக்கு என்ன சொல்லிக்கொடுப்பது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று திட்டம் எழுதுகிறவர் மேல்படிப்பு படித்து உரிமம் வாங்கியவர். அதைக் குழந்தையோடு உட்கார்ந்து நடத்துகிறவர் உதவியாளர். இனிமேல் உதவியாளருக்கும் உரிமம் இருந்தாக வேண்டும். நாற்பது மணி நேர வகுப்பு, மேற்பார்வையில் வேலை செய்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கையெழுத்து, கடைசியில் குழந்தையோடு பாடம் நடத்திக் காட்டும் ஒரு செய்முறைத் தேர்வு, அதை மதிப்பீட்டாளர் போன் வீடியோவில் பார்ப்பார். தேறினாலும் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். திட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட உதவியாளர் மாற்றக்கூடாது. பழைய பதினோரு வருடத்துக்குக் கையெழுத்து ஏதும் இல்லாததால் அது செல்லாது.

இது அநியாயம் என்று நான் சத்தம் போட்டேன். சசிகலா என்னைச் சமாதானப்படுத்தினார்.

"சரிதானுங்களே. எலக்கியாவ இங்க கூட்டியார்றதுக்கு முன்னாடி கீழ ஒரு எடத்துல உட்டிருந்தாங்க. சேலையால நாற்காலியோட கட்டிப் போட்டிருக்கறாங்க. அவங்களும் ட்ரெய்னிங்குன்னுதான் சொன்னாங்க. நீ ஆரு, என்ன படிச்ச, உனக்கு ஆரு கையெழுத்துப் போட்டாங்கன்னு ஒருத்தராச்சும் கேட்டிருந்தா அந்தக் கொழந்த தப்பிச்சிருக்குமுங்க."

இலக்கியாவுக்கு ஏழு வயது. அம்மா மலர், மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர். அங்கேயே தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் குடியிருப்பு. வீட்டுக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் இலக்கியா தன் மணிக்கட்டைக் கடிப்பாள். தோல் அங்கே தடித்துக் கறுத்துவிட்டது. திட்டம் எழுதும் ஜோஸ்லின் பெங்களூரில் இருக்கிறார், மாதம் ஒருமுறை மலையேறி வருவார். கடிப்பதற்குப் பதிலாகக் கேட்கப் பழக்கலாம் என்று அவர்தான் பாடம் எழுதினார். ஒரு வீட்டின் படம். குழந்தை 'வீடு' என்று சொன்னால் அந்த நொடியே செருப்பைப் போட்டுவிட்டுக் கதவைத் திறக்க வேண்டும். அதுதான் அவளுக்குக் கிடைக்கும் பலன். ஒன்றரை வருடம் சசிகலா அந்தப் படத்தோடு உட்கார்ந்திருந்தார். படத்தைத் தொட வந்தது, வாயில் சத்தம் வரவில்லை.

தேர்வுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது வந்தது. 'ஊடு' என்று வந்தது.

இந்த மலையில் யார் வீடு என்று சொல்கிறார்கள்? மலர் ஊடு என்கிறார், சின்னராஜ் ஊடு என்கிறார், பாயைவிட்டு எழுந்தால் சசிகலாவும் ஊடு என்றுதான் சொல்கிறார். திட்டம் மட்டும் வீடு என்கிறது. திட்டப்படி, வேறு சொல் வந்தால் கதவைத் திறக்கக்கூடாது. சரியான சொல்லைச் சொல்லிக் காட்டி ஐந்து விநாடி காத்திருக்க வேண்டும். சசிகலா அப்படியே செய்தார். அன்றைய தாளை என்னிடம் காட்டினார். 'ஊடு: நான்கு முறை. கையைக் கடித்தாள்: நான்கு முறை.' அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அன்று அவர் சோறு உண்ணவில்லை என்று சின்னராஜ் சொன்னார்.

ஜோஸ்லினுக்குப் போன் போட்டார். ஜோஸ்லினும் நல்ல மனுஷிதான். "சசி, எனக்கு அழுகையே வருது, அவ்ளோ சந்தோஷம். ஆனா என் காதால கேட்காம ஒரு வார்த்தையை மாத்தி நான் கையெழுத்துப் போட முடியாது. அது என் லைசென்ஸ். பதினெட்டாம் தேதி வர்றேன். அதுவரைக்கும் அந்தப் பாடத்தை நிறுத்தி வைங்க" என்றார். தேர்வு பன்னிரண்டாம் தேதி. சசிகலா பாடம் நடத்திக் காட்டப்போகும் குழந்தை என்று இலக்கியாவின் பெயரும் அவளுடைய திட்டமும் மதிப்பீட்டாளருக்கு முன்பே போய்விட்டன. திட்டத்தில் இருக்கும் எந்தப் பாடத்தையும் மதிப்பீட்டாளர் கேட்கலாம். எழுதியிராத விடைக்குப் பலன் கொடுத்தால் தேர்வு அத்தோடு முடிந்தது. அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான். அதுவரை சசிகலா துடைப்பத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். இலக்கியாவோடு பாயில் உட்கார வேறு ஆள் கிடையாது.

நான் ஒரு யோசனை சொன்னேன். "தேர்வு போனில்தானே நடக்கிறது? ஊடும் வீடும் அதில் ஒன்றுபோலத்தான் கேட்கும். வீடு என்று சொன்னதாக எழுதிவிடுங்கள்."

"நீங்க பத்திரிகைக்கு எழுதறவருங்க" என்றார் சசிகலா. "உங்களுக்கு அது ஆகுமுங்க."

சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டாம் தேதி காலையில் மூடுபனி ஏரியிலிருந்து எங்கள் தெரு வரை ஏறியிருந்தது. போனைப் பிடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. கை நடுங்காமல் பிடிப்பேன் என்று நம்பி என்னைக் கூப்பிட்டார்கள். சென்னையிலிருந்து திரையில் வந்த மதிப்பீட்டாளர் சுஜாதா கனிவாகப் பேசினார், "டென்ஷன் வேண்டாம் சசிகலா" என்றார். அட்டைகளைச் சோடி சேர்ப்பது முடிந்தது. கைகழுவும் பாடம் முடிந்தது. இலக்கியா சோப்பை வைத்துவிட்டுத் தானாகவே குழாயை மூடினாள். சசிகலா கேட்டதைச் செய்தார், கேட்காததைச் செய்யவில்லை. சுஜாதா இரண்டு தடவை "அருமை" என்றார். எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

"கடைசியா அந்த வீட்டுப் படம் பண்ணிடலாமா?" என்றார் சுஜாதா.

சசிகலா படத்தை எடுத்துப் பாயில் வைத்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். இலக்கியா சன்னலைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். படத்தின்மேல் விரலை வைத்தாள். மற்றொரு கை மெல்ல வாய்ப்பக்கம் எழுந்து பாதியில் நின்றது.

"ஊடு" என்றாள்.

பக்கத்தில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. சுஜாதாவுக்குக் கேட்டிருக்காது. இலக்கியா படத்தில் விரலை வைத்தபோதே சிக்னல் போய்விட்டது. பாதி மூடிய கண்களோடு அவருடைய முகம் அப்படியே நின்றிருந்தது, அதன்மேல் ஒரு சிறு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சசிகலா நிமிர்ந்து திரையைப் பார்த்தார். பிறகு அந்தத் தூக்கிய மணிக்கட்டைப் பார்த்தார்.

"ஊட்டுக்குப் போலாம் சாமி" என்று எழுந்தார். செருப்பை ஒவ்வொரு காலாகப் போட்டுவிட்டார். கதவைத் திறந்தார். வெளிப்படியில் முக்காடிட்டு உட்கார்ந்திருந்த மலர் திரும்பிப் பார்ப்பதற்குள் இலக்கியா ஓடிப்போய் அவர் முதுகில் சாய்ந்துகொண்டாள். கை கையாகவே இருந்தது, பல் படவில்லை.

சசிகலா திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தார். தாளை எடுத்து, குழந்தை சொன்னது என்ற கட்டத்தில் 'ஊடு' என்று எழுதினார். சரியா தவறா என்ற கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி. பலன் என்ற கட்டத்தில் 'கொடுத்தேன்'. கீழே முழுப்பெயரைக் கையெழுத்திட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. "லைன் இல்லைங்க. அவங்க எதையும் பார்க்கல" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"நான் பாத்தனுங்களே" என்றார்.

முட்டி போட்டுப் போனுக்குப் பக்கத்தில் வந்தார். தாளின் இரண்டு ஓரங்களையும் பிடித்து, எழுத்து திரைப்பக்கம் தெரியும்படி, அந்த அசையாத முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சசிகலா கையை இறக்கவில்லை.