கனிசியஸிடம் கேட்காதது

டொக்டர் ஜெயகௌரி அதிகம் கதைக்கமாட்டார். சரியான மருந்தை எழுதுவதுதான் மருத்துவரின் வேலை, மற்றதெல்லாம் நேரத்தைத் தின்னும் என்பது அவரின் கொள்கை.

மயிலிட்டியில் மீன் வியாபாரம் செய்யும் கனிசியஸுக்குச் சீனி வருத்தம். இன்சுலின் எழுதிக்கொடுத்து, "குளிருக்குள்ளை வைக்கவேணும், விளங்கினதோ?" என்றார்.

"ஓம் டொக்டர்."

அளவை இருமுறை கூட்டியும் சீனி இறங்கவில்லை. "களவாய் லட்டுச் சாப்பிடுறீர் போலை" என்று கிளினிக்கில் எல்லோருக்கும் முன்னால் ஏசினார். கனிசியஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

காலில் வந்த புண் ஆறவில்லை. காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்கவேண்டி வந்தது. அதன்பிறகுதான், ஆசுபத்திரி வாட்டில் அவருக்குத் துணையாய் நின்ற மனைவி றோஸிடம் ஜெயகௌரி கேட்டார்.

"மருந்தை எங்கை வைச்சனீங்கள்?"

"வீட்டிலை பிறிஜ் இல்லை, டொக்டர். மீன் ஐஸ் பெட்டிக்குள்ளைதான். கட்டியாய்ப் போனால் கைக்குள்ளை பொத்தி உருக்கிப்போட்டு ஏத்துவார்."

உறைந்த இன்சுலின் வேலை செய்யாது.

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்" என்றார் கனிசியஸ் கட்டிலில் இருந்தபடி. குரலில் கோபமில்லை.

மன்னிப்புக் கேட்க ஜெயகௌரி வாயெடுத்தார். பழகாத சொல் வரவில்லை. காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அப்படிப் போனதைத்தான் இன்றுவரை அவரால் மறக்க முடியவில்லை.