எலுமிச்சம்பழம் வெட்டாத கத்திகள்

கத்தி சேர்த்தது போதும் என்று எனக்கு உறைத்தது ஓர் ஆயுதபூஜை அன்றுதான்.

ராயபுரத்து வீட்டில் ஒரு பீரோ முழுக்க என் கத்திகள். விரல் பட்டாலே துடைத்து எண்ணெய் போடுவேன். அன்று ஆயுதங்களுக்கு ஓய்வு என்று, சமையல் கத்திக்குப் பொட்டு வைத்துச் சாமி முன்னால் வைத்துவிட்டாள் மனைவி. பைக்குக்குத் திருஷ்டி சுற்றிய எலுமிச்சம்பழத்தை வெட்ட என் கத்தியில் ஒன்றைக் கேட்டாள்.

"புளிப்பு பட்டா கறுத்துடும்!" என்று கத்தினேன்.

பக்கத்து பாய் வீட்டில் பூஜை கிடையாது. அங்கே போய்க் கத்தி கேட்டாள். அந்த வீட்டு அக்கா தெருவுக்கே கேட்கிற மாதிரி, "இன்னாம்மா, உன் வூட்டுக்காரு கத்தியா வாங்கி அடுக்கிகினு கீறாரு, ஒண்ணு கூடவா குடுக்கல?" என்றார்.

"அதுங்களுக்கு வருஷம் பூரா ஆயுதபூஜதான், அக்கா."