மூன்று தீவுத் திட்டம்

ஐந்தாம் வகுப்பு முடிந்த லீவில், ஒரே நாளில் மூன்று தீவுகளைப் பார்த்துவிட நான் திட்டம் போட்டேன். எங்கள் அமராவதிபுதூரில் கடல் என்ன கடல், கண்மாயே பாதி வருடம் வறண்டுதான் கிடக்கும். ஆனால் அத்தா, அதாவது என் அப்பா, மலேசியாவின் லங்காவித் தீவில் இருந்தார். படகுத்துறையை ஒட்டிய சாப்பாட்டுக் கடையில் ஆறு வருடமாகப் பரோட்டா மாஸ்டர். அம்மாவையும் என்னையும் பத்து நாளைக்கு அழைத்திருந்தார். மாதத்துக்கு ஒரு நாள்தான் அவருக்கு விடுமுறை. அந்த ஒரு நாளை வீணாக்க நான் தயாராக இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் வீடியோ காலில் அத்தாவைப் போட்டுக் குடைவேன். அவரும் சளைக்காமல் சொல்வார். முதல் தீவில் ஏரி, காலை விட்டால் மீன் வந்து கொத்தும். இரண்டாவது கழுகுத் தீவு, படகைச் சுற்றிச் சுற்றிக் கழுகு பறக்கும். மூன்றாவதில் மணல் அரிசி மாவு மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மணி போட்டு எழுதிக்கொண்டேன். கழுகுக்கு மட்டும் ஒரு மணி நேரம். கழுகைப் பார்க்கப் போகிறேன் என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தேன்.

அம்மாவிடமும் ஒரு திட்டம் இருந்தது. கட்டுச்சோறு. அத்தாவின் விடுமுறை நாளன்று விடிவதற்குள் புளிச்சோறு கிளறி, ஊரிலிருந்தே சுமந்து வந்த தூக்குச்சட்டியில் அடைத்துவிட்டாள். கல்யாணச் சீரில் வந்த சட்டி. அவள் பேர் வெட்டியிருக்கும்.

ஏரித் தீவில் இறங்கிப் பத்தடி நடந்திருக்க மாட்டோம். ஒரு குரங்கு வந்து அம்மா கையிலிருந்த சட்டிப் பையைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. படகில் கூட வந்த மற்றவர்கள் எல்லாரும் வெறுங்கையோடு வந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"சட்டி இல்லாம நான் இங்கருந்து அசைய மாட்டேன். எங்க வீட்டுல பேர் வெட்டிக் குடுத்தது" என்று அம்மா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

குரங்கு சாவகாசமாகப் புளிச்சோறு தின்றது. கடலையைப் பொறுக்கிப் பொறுக்கித் தின்றது. படகுக்காரர் எத்தனை நேரம்தான் பொறுப்பார்? அடுத்த நடையில் வந்து ஏற்றிக்கொண்டு நேரே மணல் தீவில் விடுவதாகச் சொல்லிவிட்டு, மற்றவர்களோடு கழுகுத் தீவுக்குக் கிளம்பிவிட்டார். நான் கதறிய கதறலுக்கு அந்தக் குரங்கே ஒரு நிமிடம் தின்பதை நிறுத்தியது.

கடைசியில் சட்டி கீழே விழுந்தது, ஒரு பக்கம் நசுங்கி. அத்தா அதைச் சட்டையால் துடைத்தபடி, "கொரங்கு இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலயே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "ஒருத்தரும் சொல்லலயா? அப்ப நீங்க இங்க வந்ததே இல்லையா அத்தா?"

"கடைக்குச் சாப்பிட வர்றவுக சொல்லுவாகம்மா. பரோட்டா போட்டுக்கிட்டே கேப்பேன்."

"அப்ப இம்புட்டு நாளும் பொய்யா சொன்னீக?"

"வாய மூடுடி" என்று அம்மா அதட்டினாள். அத்தா முகம் வாடியது எனக்கு நன்றாகவே தெரிந்தது. கழுகு போன ஆத்திரத்தில், நல்லா வேணும் என்றுதான் இருந்தது.

மணல் தீவில் அத்தா பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றார். என்னை இரண்டு தடவை கூப்பிட்டார். நான் போகவில்லை. அம்மாதான் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"ஏங்க, ஆறு வருசமாக் கண்ணு முன்னாடி கெடக்கு. ஒரு லீவுலகூடவா வந்து பாக்கத் தோணல?"

"ஒத்தையில வந்து என்னத்தப் பாக்க? நீங்க வரவும் பாத்துக்கிருவோம்னு இருந்துட்டேன்" என்றார் அத்தா.

என்னமாய்ச் சமாளிக்கிறார் பார் என்று நினைத்துக்கொண்டு, நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.