செல்வராஜ் அண்ணனின் தை மாதப் பிறந்தநாள்

ஒரு தேதியை நான் பொய்யாக எழுதினேன். தெரிந்தே எழுதினேன்.

உங்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் எங்கள் உறவில் யார் எப்போது பிறந்தார், எவர் கல்யாணம் எந்தக் கிழமை என்று என்னைத்தான் கேட்பார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் பிறந்தநாள்களை அறிவிப்பவனும் நானே. யாருக்கும் இல்லாத நாளில் 'இன்று யாருக்கும் பிறந்தநாள் இல்லை' என்றும் எழுதிவிடுவேன். என் தேதியை எவரும் சரிபார்ப்பதில்லை.

பெரியம்மாவுக்கு இரண்டு மகன்கள். செல்வராஜ் அண்ணன் குடவாசலில் விவசாயம். இளையவன் விக்டர் சிங்கப்பூரில். பாகப்பிரிவினையோடு பேச்சு நின்றுவிட்டது. இருவரும் ஒரே குழுவில்தான் இருந்தார்கள்... ஒருவர் எழுதியதை மற்றவர் படித்ததற்கு நீல டிக் மட்டுமே சாட்சி.

ஒரு தை மாதம். விக்டர் விடுப்பில் பாபநாசத்து மாமனார் வீட்டுக்கு வந்திருந்தான். மறுநாள் விமானம். இந்த முறையும் அண்ணனைப் பார்க்காமலே போய்விடுவானோ?

'இன்று செல்வராஜ் அண்ணனுக்குப் பிறந்தநாள்' என்று குழுவில் போட்டேன்.

கேக் படங்கள் கொட்டின. அண்ணன் மறுக்கவில்லை. எப்படி மறுப்பார்? பள்ளியில் வாத்தியார் உத்தேசமாகப் போட்ட ஜூன் மாதத் தேதியைத் தவிர அவருக்கு எதுவும் தெரியாது.

மத்தியானம் குழுவில் விக்டரின் குரல் பதிவு வந்தது. "அண்ணே... நல்லாருங்கண்ணே."

பிறகு அண்ணனின் குரல்: "ஏன்டா, கேக்கைப் படமா அனுப்புனா எவன்டா திங்கிறது? வீட்டுக்கு வா. ஒங்க அண்ணி கோழி அடிச்சிட்டா."

விக்டர் போனான். மாலையில் வந்த படத்தில் இருவர் வாயிலும் சோறு, இருவரும் சிரிக்கிறார்கள். அதை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன்!

உண்மைத் தேதி எனக்குத் தெரியும். அண்ணன் பிறந்தது ஒரு பெரிய வெள்ளியில். இயேசு சிலுவையில் மரித்த துக்க நாளில் கொண்டாட்டம் கூடாதென்று பெரியம்மா அதைச் சொல்லாமலே வளர்த்தார். கடைசிக் காலத்தில் என்னை அழைத்து, "அவன்ட்ட நீயாவது சொல்லிடுய்யா" என்றார்.

இப்போது ஒவ்வொரு தையிலும் விக்டர் அந்த நாளுக்கென்றே வருகிறான். போன முறை எனக்குக் கேக் ஊட்டியபடி அண்ணன் சொன்னார்: "நீ இல்லன்னா நான் எப்பப் பொறந்தேன்னே தெரிஞ்சிருக்காதுடா தம்பி." நல்லவேளை, என் வாய் நிறையக் கேக்.

பங்குனியில் அந்த உண்மையான நாளும் வருகிறது. 'இன்று செல்வராஜ்...' வரை தட்டுகிறேன். பெரியம்மாவின் முகம் தெரிகிறது. அழிக்கிறேன்.

பிறகு எழுதுகிறேன்: 'இன்று யாருக்கும் பிறந்தநாள் இல்லை.'